தராசு மேஜையில் இருந்த பாட்டு நோட்டு

கண்ணா,

அம்மா எழுதறேன். நீ, மருமகள், குட்டி மூணு பேரும் உடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருக்கீங்கன்னு நம்பி ஆரம்பிக்கறேன். இங்கே நான் வேளைக்குச் சாப்பிடறேன், பிரஷர் மாத்திரை மறக்காமப் போட்டுக்கறேன், படுத்தா தூக்கம் வருது, அதுக்கு மேல என்னைப் பத்திச் சொல்ல ஒண்ணும் இல்ல. பல் டாக்டர் ஊசி போட்டப்புறம் கன்னத்தைத் தொட்டா வேற யாரோட கன்னத்தையோ தொடற மாதிரி இருக்குமே, அப்படித்தான் இருக்கு எனக்கு, உச்சியிலிருந்து கால் வரைக்கும். அப்பா போய் ஏழு வாரம் ஆச்சு, இன்னும் கண்ணுல ஒரு சொட்டு வரல. உன் சித்திக்கு அதுதான் பெரிய கவலை. அழுதுடுக்கா, அழுதா இறங்கிடும்னு தினம் வந்து நிக்கறா. போன வாரம் ஒரு கூடை வெங்காயத்தைக் கொண்டுவந்து என் முன்னாடி வெச்சு, சும்மா உரிச்சுக் கொடுன்னா. உரிச்சேன். மூக்கை உறிஞ்சிக்கிட்டு உக்காந்திருந்தது அவதான்.

கடையைக் காலி பண்ணியாச்சுடா. இடத்துக்காரர் மாசக் கடைசிக்குள்ள வேணும்னு சொல்லிட்டார், தப்பில்ல, பழைய பேப்பர் கடையை நான் தனியா வெச்சிக்கிட்டு என்ன பண்ணப் போறேன். உங்கப்பா ஒட்டகம்னு கூப்பிடுவாரே, அந்த நெட்டை வேன்காரர்தான் வந்து மூணு நடையா எல்லாத்தையும் ஏத்திக்கிட்டுப் போனார். பேப்பர் கட்டு, அட்டைப்பெட்டி, பாட்டில் எல்லாம் ஏத்தற வரைக்கும் சாதாரணமா இருந்தார், தராசைத் தூக்கும்போது அப்படியே வாசப்படியில உக்காந்துட்டார் மனுஷன். நான்தான் தண்ணி கொடுத்தேன். அந்தத் தராசு இருந்த மேஜையோட டிராயரைக் கவுத்தப்போ எடைக்கல்லுக்கு அடியில பிளாஸ்டிக் பையில சுத்தி ஒரு புத்தகம் இருந்துச்சு. அதைப் பத்திச் சொல்லத்தான் இந்தக் கடிதம். மூணு நாளா எழுதிக் கிழிச்சுப் போட்டுக்கிட்டிருக்கேன், இதையாவது முடிக்கணும்.

அது அச்சடிச்ச புத்தகம் இல்ல. தோல் அட்டை போட்ட பழைய நோட்டு, நூறு வருஷத்துக்கும் மேல ஆனது. பன்னெண்டு வருஷம் முன்னால ஒரு பெரிய வீட்டை இடிக்கும்போது மூட்டையோட மூட்டையா அப்பாவுக்கு வந்துச்சுன்னு வேன்காரர் சொன்னார். முதல்ல எழுதினது ஒரு பொம்பளை. புருஷன் கப்பல்ல போய்த் திரும்பி வரல. அங்கங்கே படிச்ச பாட்டையெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரிப் பொடி எழுத்துல காப்பி பண்ணி வெச்சிருக்கா. ஒரு பக்கத்துல அவரோட தலைமுடி ஒரு கற்றையைக் காகிதத்தோட சேர்த்துத் தெச்சிருக்கா, தையல் அவ்வளவு நேர்த்தி. நடுவுல ஒரு ரெண்டு வரி மட்டும் அவளே எழுதினதாத் தோணுது, "கூப்பிட்டேன், பதில் இல்லை, வீடுதான் திரும்பிப் பார்த்தது"ன்னு. அவளுக்கு அப்புறம் நோட்டு கை மாறியிருக்கு. ஒவ்வொருத்தரும் தன் வீட்டுல போனவங்களுக்காக எழுதியிருக்காங்க. ஒரு மனுஷன் மனைவிக்காக ஒரு பாட்டு எழுதிட்டு, இது தப்பான வரி, ஆனா அவள் இப்படித்தான் பாடுவாள்னு ஓரத்துல குறிச்சிருக்கார். இன்னொருத்தருக்குப் பாட்டே வரல போல, தேதியும் மழை பெஞ்சதும் மட்டும் இருக்கு. நான் எல்லாத்தையும் ஒரே மூச்சுல படிச்சேன். ஒண்ணும் ஆகல. பஸ் டிக்கெட்டைப் படிக்கற மாதிரிதான் படிச்சேன்.

கடைசிப் பக்கத்துல உங்கப்பா கையெழுத்து. கட்டு மேல எண் போட வெச்சிருப்பாரே, அந்தத் தடிப் பென்சில். "பெண் குழந்தை. ஒன்பது நாள். இரண்டு கிலோ நூறு. என் விரலைப் பிடிச்சுது." அவ்வளவுதான். கீழே தேதி.

கண்ணா, நீ பொறக்கறதுக்கு மூணு வருஷம் முன்னால உனக்கு ஒரு அக்கா இருந்தா. உன்கிட்ட நாங்க சொன்னதே இல்ல. மாசம் நிறையறதுக்கு முன்னாடியே பொறந்துட்டா, கண்ணாடிப் பெட்டியில வெச்சிருந்தாங்க, ஒன்பது நாள் இருந்தா. பத்தாம் நாள் காலையில உங்கப்பா ஷேவ் பண்ணிக்கிட்டு, டீயைக் குடிச்சிட்டுக் கடையைத் திறக்கப் போனார். நான் ஜன்னல்ல நின்னு பாத்தேன். அன்னைக்கு மனசுல ஒரு பூட்டுப் போட்டேன், முப்பத்தெட்டு வருஷம் அதை நான் திறக்கல. சண்டைன்னு வந்தா நான் எதையும் மிச்சம் வெக்காமப் பேசுவேன்னு உனக்கே தெரியும், ஆனா அதை மட்டும் அவர்கிட்ட கேட்டதில்ல. கேக்காமலே இவர் கல் மனசுன்னு தீர்ப்பு எழுதிட்டேன். அவரும் அவளைப் பத்தி வாயே திறக்கல, மறந்துட்டார்னுதான் நினைச்சேன். அவ எடை எனக்கே மறந்து போச்சுடா. அவருக்கு நூறு கிராம் வரைக்கும் ஞாபகம் இருந்திருக்கு. நான் என்ன பண்ணேன் தெரியுமா, அவர் போன நாலாம் நாள் ஜன்னல் திரையெல்லாம் கழட்டி ஊறவெச்சுத் துவைச்சேன். சித்தி பாத்துட்டு வாயைப் பொத்திக்கிட்டா. இப்ப அவரை நான் என்ன சொல்ல முடியும், சொல்லு.

நோட்டுக்குள்ள ஒரு கார்டு இருந்துச்சு. மியூசியத்துல பழைய காகிதங்களைப் பாத்துக்கற அம்மா ஒருத்தங்களோடது. ரெண்டு வருஷம் முன்னால வந்து கேட்டிருக்காங்க, அப்பா இது சரக்கு இல்லன்னு சொல்லி அனுப்பிட்டாராம். நான் போன் பண்ணேன், வியாழக்கிழமை வந்தாங்க. சோப்புப் போட்டுக் கையைக் கழுவி ஈரம் போகத் துடைச்சிட்டு, பையிலிருந்து குட்டித் தலையணையை எடுத்துப் போட்டு அது மேலதான் புத்தகத்தைப் படுக்க வெச்சாங்க. உன் சித்தி சும்மா இருப்பாளா, காலும் அமுக்கி விடுவீங்களான்னு கேட்டுட்டா. நல்லவேளை அந்தம்மா சிரிச்சிட்டாங்க. இந்த வீட்டுல இருந்தா பூச்சி அரிச்சிடும், எங்ககிட்ட இருந்தா இன்னும் பல வருஷம் இருக்கும்னாங்க. எனக்கும் அது சரின்னுதான் பட்டது. கடைசிப் பக்கம் வந்ததும் அதை ரெண்டு தடவை படிச்சாங்க. அப்புறம் தயங்கித் தயங்கி, இது பென்சில்தான், வீட்டு விஷயம் வெளியில வேண்டாம்னு நினைச்சா காகிதத்துக்குச் சேதம் இல்லாம அழிச்சிடலாம்னு சொன்னாங்க. நல்ல மனசோடதான் சொன்னாங்க. ஆனா நான் யோசிக்கறதுக்கு முன்னாடியே என் கை போய் அந்தப் பக்கத்து மேல உக்காந்துடுச்சு. ஏழு வாரத்துல என் உடம்பு அதுவாச் செஞ்ச ஒரே காரியம் அதுதான். வேண்டாம்னேன். அப்படியே இருக்கட்டும்னா எடுத்துக்கிட்டுப் போங்கன்னேன்.

அப்புறம் ஒரு படிவம் எடுத்தாங்க. யார் எழுதினது, யாருக்காகன்னு ஒவ்வொருத்தருக்கும் ஒரு வரி. அப்பா பேரைச் சொன்னேன். குழந்தை பேருன்னு கேட்டாங்க. வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வந்து பேர் வெக்கலாம்னு இருந்தோம், அவ கையில கட்டியிருந்த சீட்டுல என் பேரும் பெண்ணுங்கற வார்த்தையும்தான் இருந்துச்சு. அப்போ பேர் இல்லைன்னு போடட்டுமான்னாங்க. சித்தி என்னைப் பாத்தா. அவ வயித்துல இருக்கும்போதே நான் மனசுக்குள்ள ஒரு பேர் வெச்சுக் கூப்பிட்டுக்கிட்டிருந்தேன், உங்கப்பாகிட்டகூடச் சொன்னதில்ல. அதைச் சொன்னேன். ரெண்டாந்தடவை சொல்ல வேண்டியிருந்துச்சு. அந்தம்மா எழுத்துக்கூட்டி எழுதிக்கிட்டாங்க. அன்னைக்கு ராத்திரி தனியா இருந்தப்பவும் அழுகை வரலடா, சித்திகிட்ட சொல்லாதே, அவ அடுத்த கூடையைத் தூக்கிக்கிட்டு வந்துடுவா.

குட்டிக்கு இருமல் நின்னுச்சா. பாட்டில் தண்ணியை அப்படியே கொடுக்காம லேசா வெதுவெதுன்னு பண்ணிக் கொடுக்கச் சொல்லு மருமகள்கிட்ட. நீ ராத்திரி ஷிப்ட் முடிச்ச கையோட காரை எடுக்காதே, அரை மணி நேரம் உக்காந்துட்டுக் கிளம்பு. இதையெல்லாம் உன்கிட்ட முன்னாடியே சொல்லாததுக்கு என் மேல கோபம் வந்தா வரட்டும், நியாயம்தான். மூணு பேரும் நோய்நொடி இல்லாம, ஒருத்தர் மனசுல இருக்கறதை ஒருத்தர் கேட்டுத் தெரிஞ்சிக்கிட்டு, நிறைஞ்ச ஆயுசோட இருங்க.

ஒண்ணு மட்டும் மறந்துடாதே. அந்தப் பேரை இதுல நான் எழுதல. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, உன் அக்கா பேரு என்னன்னு கேளு. நம்ம வீட்டு மனுஷங்க யாரும் அதை வாய்விட்டு இன்னும் கேட்டதில்ல.

இப்படிக்கு,
உங்க ரெண்டு பேருக்கும் அம்மா