மட்டையை மாற்றச் சொன்னவன்

செவ்வாய்க்கிழமை, நுவரெலியா.

நின்றுபோன எங்கள் ஊர் கோல்ஃப் போட்டியின் வரலாற்றை எழுதும் டீச்சர் இன்றும் வந்தார். கடைசியாக ஜெயித்த வெள்ளைக்காரருக்கு மட்டைப் பை தூக்கியவன் நான். ஜெயித்த அடிக்கு முன்னால் காற்றைப் பார்த்து மட்டையை மாற்றச் சொன்னவனும் நானே. அதோடு நிறுத்தாமல், அவர் பந்தைக் கவ்விய சிறுத்தையைத் துரத்திய கதையையும் சொன்னேன்.

"போன வாரம் காட்டுப்பன்னின்னீங்களே மாமா?"

"ரெண்டுந்தான் வந்துச்சு டீச்சர்!"

"அப்ப மட்டை மாத்துன கதையும் இப்படித்தானா?" என்று சிரித்துக்கொண்டே, நான் சொன்ன பக்கம் முழுவதையும் அடித்துவிட்டார்.

மட்டை விஷயம் சத்தியமான உண்மை. இனிப் புத்தகத்தில் வெள்ளைக்காரர் பெயர் மட்டும்தான் இருக்கும். பன்றியும் இல்லை, சிறுத்தையும் இல்லை என்று அப்போதே ஒப்புக்கொண்டிருக்கலாம். நாளைக்குப் போய் நடந்ததை மட்டும் சொல்ல வேண்டும். மட்டை மாற்றி அவர் அடித்த அந்த அடி முந்நூறு கெஜம் போனது. இல்லை, நூற்றைம்பதுதான். நூற்றைம்பது என்றே சொல்ல வேண்டும்.