முப்பது எண்ணும் வரை

தண்டையார்பேட்டை
ஞாயிறு காலை

அன்புள்ள மித்ரா அப்பாவுக்கு,

எழில்மொழி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று முதல் வரியில் இருந்தால்தான் உங்களுக்கு அது கடிதம். நான் நலம். மித்ரா இப்போது பரவாயில்லை. உங்கள் நலத்தை உங்களிடம் கேட்டுப் பிரயோஜனம் இல்லை என்பதால், லீவில் வந்திருக்கும் உங்கள் கூட்டாளி பீம்ராவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

கையில் போனை வைத்துக்கொண்டு எதற்குக் கடிதம் என்று கேட்காதீர்கள். ஒரே அறையில் எட்டுப் பேர் இருக்கிறீர்கள். நான் தலைசுற்றல் என்று வாயைத் திறந்தாலே சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறீர்கள். பத்து நிமிடம் கழித்து அதே சிக்னலில் 'தலைசுற்றலை விரட்ட ஏழு இயற்கை வழிகள்' என்று வாட்ஸப் மட்டும் வந்து விழுகிறது. கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. லீவு முடிந்து குஜராத் திரும்பும் பீம்ராவ் கையில் கொடுத்து அனுப்புகிறேன். நீங்கள் கடைசி வரி வரை படிக்கும்வரை பக்கத்தைவிட்டு நகராதே என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன்.

முதலில் மித்ரா விஷயம். போன வாரம் பள்ளியில் காலைப் பிரேயரில் நின்றிருந்தவள் சுற்றிக்கொண்டு விழுந்துவிட்டாள். அடி ஒன்றும் இல்லை. வீட்டுக்குக் கூட்டி வந்ததும் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். மேல்மாடிக்காரி, கொடுங்கையூர் குப்பைமேட்டுப் புகை என்றாள். கூட வந்த பள்ளி ஆயா, காலையில் சாப்பிடாமல் அனுப்பியிருப்பாய் என்றார். எதிர்வீட்டு கெங்கம்மா அக்கா வழக்கம்போல, 'பித்தம்தான்டீ, அப்பனுக்குக் கீற பித்தம் பொண்ணுக்கும் கீது, நெல்லிக்கா தண்ணி குடு' என்றார். என் கையும் தானாகவே அடுப்படிக்குப் போய்விட்டது. கொத்தமல்லி விதையும் நெல்லி வற்றலும் ஊறிய தண்ணீரை வடிகட்டி அவள் வாயருகே கொண்டுபோனேன். 'இது அப்பா தண்ணி' என்றாள்.

எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. டம்ளரைக் கழுவும் இடத்தில் கவிழ்த்துவிட்டு, அவளைத் தூக்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்தேன். உங்களுக்கு இரண்டு வருஷம் செய்யாததை அவளுக்கு அரைமணி நேரத்தில் செய்தேன்.

மறந்திருக்க மாட்டீர்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு விடியற்காலை, புரண்டு படுத்தவர் பாயைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, 'இன்னாடி இது, வூடே கிர்ருனு சுத்துது' என்றீர்கள். அரை நிமிடத்தில் நின்றுவிட்டது. அப்புறம் துறைமுகத்தில் கப்பல்மேல் வேலை செய்யும்போதும் வந்தது. கண்டெய்னர்களை இறுக்கிக் கட்டுகிற வேலையில் இருப்பவர், நீளக் கம்பியை மேலே மாட்ட நாளெல்லாம் அண்ணாந்து பார்க்க வேண்டும். அண்ணாந்தால் சுற்றுகிறது என்று ஒரு வார்த்தை வெளியே போனால் உயரத்தில் ஏறும் பாஸைப் பிடுங்கிவிடுவார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்று இருந்தால்கூட ஆபத்து என்றீர்கள். சரி என்று நானும் அடுப்படியையே ஆஸ்பத்திரி ஆக்கினேன். இஞ்சிச் சாறும் தேனும் ஒரு மாதம், சுக்குக் கஷாயம் ஒரு மாதம், ஏலக்காய் ஒரு மாதம், இந்த நெல்லித் தண்ணீர் ஒரு மாதம், தலைக்குச் சீரக எண்ணெய். சில வாரம் நன்றாக இருந்தீர்கள். எதனால் நன்றாக இருந்தீர்கள் என்று எனக்கும் தெரியாது, அந்த இஞ்சிக்கும் தெரியாது.

அப்புறம் ராயபுரத்தில் பாஸைப் புதுப்பிக்க அந்த மெடிக்கல் செக்கப் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக் காலில், கையை நீட்டி, முப்பது எண்ணும் வரை நிற்க வேண்டும். அதற்காக ஒரு மாதம் வராண்டாவில் தண்ணீர் டிரம்களுக்கு நடுவே உங்களை நிறுத்திப் பழக்கினோம். மித்ராதான் எண்ணுவாள். சாய்ந்தால் பிடிக்க நான் பக்கத்தில் நிற்பேன். முதல் முறை முப்பதைத் தொட்ட அன்று பிரியாணி வாங்கி வந்தீர்கள். மூன்று பேரும் ஏதோ பரீட்சையில் ஜெயித்த மாதிரி சாப்பிட்டோம்.

செக்கப்புக்கு முந்தின நாள் அந்தப் படிவம். இங்கிலீஷில் இருந்தது. என் கையெழுத்து அழகு என்று என்னிடம் நீட்டினீர்கள். தலைசுற்றல் உண்டா, மயக்கம் உண்டா, வலிப்பு உண்டா. மூன்றுக்கும் எதிரே அழகாக 'நோ' எழுதினேன். அந்தப் பாஸை வைத்துத்தான் கூடுதல் சம்பளம் என்று குஜராத் போனீர்கள்.

இப்போது ஆஸ்பத்திரியில் நடந்ததைக் கேளுங்கள். டாக்டரம்மா மித்ராவின் காதுக்குள் பார்த்தார், கண் இமையை இழுத்துப் பார்த்தார், காலையில் என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். சளி பிடித்துக் காதுக்குள் நீர் கோத்திருக்கிறது, ரத்தமும் குறைவு, பயப்பட ஒன்றுமில்லை என்றார். பிறகு காலைச் சேர்த்து நின்று கண்ணை மூடு என்று அவளிடம் சொன்னார். உங்கள் மகள் ஒரு காலைத் தூக்கி, கையை நீட்டி, ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்துவிட்டாள். இரண்டு காலிலேயே நில்லு போதும் என்றார் டாக்டர். 'எங்கப்பா முப்பது வரிக்கும் நிப்பாரு டாக்டர். அவருக்கும் தல சுத்தும். நான்தான் ட்ரெய்னிங் குடுத்தேன்' என்றாள் பெருமையாக. டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

எல்லாவற்றையும் சொன்னேன். வேறு என்ன செய்ய? எப்போது சுற்றும், புரண்டு படுத்தாலா, அண்ணாந்தாலா, எவ்வளவு நேரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பெரியவர்களுக்குத் தலை சுற்ற பிரஷர், சுகர், நரம்பு என்று பல காரணம் உண்டு, ஆளைப் பார்க்காமல் சொல்ல முடியாது என்றார். ஆனால் நான் சொல்வதைக் கேட்டால் காதுக்குள் இருக்கும் விஷயம் மாதிரி தெரிகிறதாம். உள்காதில் பொடிப்பொடியாக, சுண்ணாம்புத் துகள் போல இருக்குமாம். அது இடம் மாறிப் போனால், தலையை அசைக்கும்போதெல்லாம் உருண்டு, உலகமே சுற்றுகிற மாதிரி காட்டுமாம். இந்தக் கட்டிலில் படுக்க வைத்துத் தலையைத் திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றார். அதுதான் என்றால், தலையை ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி அந்தத் துகளைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோவார்களாம். பத்து நிமிட வேலை. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிரண்டு தடவையில் சரியாகிவிடுமாம்.

இஞ்சி கொடுத்தேனே என்றேன். குமட்டலுக்கு நல்லதுதான், குடிக்கட்டும், அது துகளைத் திருப்பிக் கொண்டுபோய் வைக்காது என்றார். ஒற்றைக்கால் பயிற்சியைப் பற்றியும் கேட்டேன். இந்தக் கோளாறு இருப்பவர் தலையை நேராக வைத்துக்கொண்டு நன்றாகவே நிற்கலாம், அண்ணாந்து பார்க்கச் சொல்லியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும் என்றார். நாம் ஒரு மாதம் பாடுபட்டது, தேவையே இல்லாத பரீட்சைக்கு. எனக்கு அங்கேயே சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. மித்ரா பயந்து என் புடவையைப் பிடித்துக்கொண்டாள்.

உங்களைத் தெரியும், அதனால் சொல்கிறேன். யூட்யூபில் பார்த்து நீங்களே தலையைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். எந்தக் காது என்று பார்த்துத்தான் செய்ய வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை பீம்ராவ் மித்ராவைப் பார்க்க வந்தான். டாக்டர் சொன்னதை அவனிடம் சொன்னதும் முகம் மாறிவிட்டது. துருவிக் கேட்டேன். 'அண்ணன் போன மாசம் மேல பாத்தாருக்கா, அப்டியே கம்பியக் கட்டிப் புடிச்சிகினு நின்னுட்டாரு, பெல்ட்டு மாட்டிருந்ததால பொழச்சாரு' என்றான். கீழே இறங்கியதும் வெயில் என்று சொன்னீர்களாம். அன்றைக்கு என்னிடம் போனில், மத்தியானம் கோழிக்குழம்பு என்றீர்கள். காரம் போதவில்லை என்று வேறு சொன்னீர்கள்.

எனக்கு உங்கள்மேல் கோபம். என்மேல் அதைவிடக் கோபம். உண்மையைச் சொன்னால் வேலை போகும் என்று வைத்துவிட்டு, உண்மையை எழுது என்று படிவம் நீட்டுகிறவர்கள்மேல் வயிறு எரிகிறது. ஆனால் அந்த 'நோ' என் கையெழுத்து. நீங்கள் விழுந்திருந்தால் அந்தத் தாளைத்தான் என் முன்னால் எடுத்துப் போட்டிருப்பார்கள்.

அதனால் ஒன்று செய்துவிட்டேன். இன்று காலை அங்கே உங்கள் மேஸ்திரி வெள்ளத்துரைக்குப் போன் போட்டு, தலைசுற்றல், படிவம், ஒற்றைக்கால் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். 'என்னம்மா, ஒம் புருசன் சோத்துல நீயே மண்ணள்ளிப் போடுதியே' என்றார். ஆமாம், போடுகிறேன் என்றேன். பிறகு, நாளையிலிருந்து மேலே ஏற்ற மாட்டேன், கீழே வேலை உண்டா இல்லையா என்று இப்போது சொல்ல முடியாது என்றார். பீம்ராவ் வந்து சேருவதற்குள் உங்களை இறக்கிவிட்டிருப்பார்கள். ஏன் என்று யாரும் சொல்லாவிட்டால், நான்தான்.

கெங்கம்மா அக்காவுக்கு அதற்குள் தெரிந்துவிட்டது. புருஷனைக் காட்டிக் கொடுத்தவள் என்று மாடிப்படியில் பேசுகிறார். பேசட்டும். நீங்களும் அதைத்தான் சொல்வீர்கள். எட்டுப் பேர் முன்னால் உங்கள் மானம் போயிற்று என்பீர்கள். போகட்டும்.

மித்ரா மாத்திரை சாப்பிடுகிறாள். முருங்கைக்கீரையை முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்குகிறாள். நேற்று என்னிடம் வந்து, அப்பா சாயும்போதெல்லாம் இருபதுக்கு மேல் வேகமாக எண்ணிவிட்டேன், அதனால்தான் பாஸ் ஆனாரா என்று கேட்டாள். அப்பாவிடமே கேள் என்றேன். அதை நீங்கள் வந்து சொல்ல வேண்டும்.

செவ்வாயும் வெள்ளியும் அந்த டாக்டரம்மா இருப்பார். ரயிலில் கீழ் பெர்த்தாகப் பார்த்து ஏறுங்கள். வந்து என்னைத் திட்டுங்கள். மனசு ஆறும்வரை திட்டுங்கள். இரண்டு காலும் தரையில் இருக்கட்டும், அது போதும் எனக்கு.

இப்படிக்கு,
எழில்மொழி