ஆடு தின்னாத செடி

காமயகவுண்டன்பட்டி,
27.7.2008

அன்புள்ள மச்சானுக்கு,

யுவராணி வணக்கத்துடன் எழுதுவது. போன தீபாவளிக்கு நீங்கள் அனுப்பிய வாழ்த்து அட்டையின் உறையில் இருந்த ராய்ப்பூர் விலாசத்துக்கு இதை அனுப்புகிறேன். உங்கள் பழைய போன் நம்பரில் இப்போது யாரோ இந்தியில் பேசுகிறார்கள். அப்பாவும் அம்மாவும் சுகம். அந்த ஊர்ச் சாப்பாடு உங்களுக்கு ஒத்துக்கொண்டிருக்கும் என்று நம்புகிறேன்.

இங்கே தோட்டத்துக்குக் கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியவில்லை. வந்ததும் அப்பா சாப்பாட்டில் கை வைத்திருந்தாலும் எழுந்து மோட்டார் போட ஓடுகிறார். கொஞ்ச நாளாக அந்தத் தண்ணீரில் பாதி திராட்சைப் பந்தலுக்குப் போவதில்லை. குழாய் போட்டு மலையடிவாரக் காட்டுக்குக் கொண்டுபோய், நீங்கள் தந்த காட்டாமணக்குக்கு விடுகிறார்.

மூன்று வருடத்துக்கு முன் நீங்கள் கம்பெனி ஆளாக வந்து சாவடி முன்னால் செய்து காட்டியது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. ஏழு விதையை உரித்து, ஈர்க்குச்சியில் கோத்து, தீக்குச்சி கிழித்து வைத்தீர்கள். காற்றிலும் அணையாமல் எரிந்தது. நாளைக்கு பஸ்சும் லாரியும் இந்த எண்ணெயில்தான் ஓடும், தரிசு போதும், தண்ணீர் வேண்டாம், ஆடு மாடு வாய் வைக்காது, வேலியும் வேண்டாம் என்றீர்கள். “எங்க மாப்பிள்ளை எண்ணெக் கெணத்தையே தூக்கிட்டு வந்துட்டாகப்பா” என்று அப்பா டீக்கடை வரைக்கும் போய்ச் சொன்னார். மொச்சையும் எள்ளும் விளைந்த மூன்று ஏக்கரில் அந்த மாதமே செடி வைத்தார்.

உங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். கம்பெனி நோட்டீசை அப்பாவுக்கு வாசித்துக் காட்டியவள் நான். எதையும் இரண்டு புத்தகம் புரட்டாமல் நம்பாதவள், அன்று ஒன்றைக்கூடப் புரட்டவில்லை. ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.

பிறகு தேடிப் படித்தேன். நீங்கள் சொன்னது பொய்யில்லை. எண்ணெய் எரியும், வண்டியும் ஓடும். தண்ணீர் இல்லாமல் செடி பிழைக்கும் என்றீர்கள், பிழைத்திருக்கிறது. தண்ணீர் இல்லாமல் காய்க்குமா என்று நாங்கள் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. மூன்று வருடத்தில் விளைந்தது இரண்டு மூட்டை விதை. அது கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. வீட்டுக்கே வந்து வாங்குவதாகச் சொன்ன கம்பெனி, உங்களை ராய்ப்பூருக்கு மாற்றிவிட்டு, தேனி ஆபீசைப் பூட்டிப் போர்டையும் கழற்றிக்கொண்டு போய்விட்டது.

வருடாவருடம் எருவுக்காக நம் காட்டில் ஆட்டுக்கிடை போடும் ஒச்சாண்டி முதல் வருடமே சொன்னார்: “ஏப்பா வேலுச்சாமி, என் ஆடு எருக்கலையக்கூடக் கடிச்சுப் பாக்கும். ஒன் செடிய மோந்துட்டு என்னய மொறைக்குது. நான் எங்குட்டுப் போய்க் கெடை போட?” அப்பா சிரித்துக்கொண்டு, “லாரி ஓட்டுற செடியப்பா இது, ஒன் ஆட்டுக்கா வளக்கேன்?” என்றார். இந்த வருடம் ஒச்சாண்டி கேட்கவே வரவில்லை. புழுக்கை விழாத மண் வெளுத்துப் போய்க் கிடக்கிறது.

இதெல்லாம் போனது போகட்டும். நான் எழுத உட்கார்ந்தது வேறு காரியத்துக்கு. தண்ணீர் பாயும் இடத்தில் வைத்தால் செடி நன்றாகக் காய்க்கும் என்று அப்பா முடிவு செய்துவிட்டார். திராட்சைப் பந்தலைப் பிரித்து அங்கேயும் காட்டாமணக்கு நடப்போகிறார். கல்தூண்களை வாங்க ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனார். ஆடி கழியட்டும் என்றுதான் நிறுத்தியிருக்கிறார். நாங்கள் மூன்று பேரும் சாப்பிடுவது அந்தப் பந்தல் வருமானத்தில்தான் மச்சான்.

செடியைப் பிடுங்கிப் போடச் சொல்லி அம்மா சண்டை போட்டாள். “மாப்பிள்ளை வந்து நிக்கிறப்ப அவுகளுக்கு வெறுங்காட்டக் காட்டவா?” என்று அப்பா கேட்டார். அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பெரியகுளத்தில் அத்தை வைகாசியில் உங்களுக்கு நிச்சயம் செய்தது எங்களுக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரியாமல் இருக்க வழியில்லை, கூடப் பிறந்த தங்கை வீடு. ஆனால் என்னை உங்களுக்கு என்று பேசிவைத்த பேச்சு, அவரைப் பொறுத்தவரை, அந்தச் செடி நிற்கும்வரை நிற்கிறது. அதனால்தான் தண்ணீர் ஊற்றுகிறார்.

இத்துடன் அப்பா பெயரும் விலாசமும் எழுதிய அஞ்சலட்டை ஒன்று வைத்திருக்கிறேன். “செடி தேறாது மாமா, பிடுங்கிவிடுங்கள், பந்தலைத் தொடாதீர்கள்” என்று உங்கள் கையெழுத்தில் எழுதி, ஆவணி பிறப்பதற்குள் கிடைக்கும்படி போடுங்கள். நான் சொன்னால் கேட்கமாட்டார், நோட்டீசை வாசித்தவளும் நான்தானே. என்னைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம். மிச்சத்தை அப்பா அதிலேயே புரிந்துகொள்வார்.

வரப்போகிறவளோடு நன்றாக இருங்கள். அங்கே ஊர் ஊராகப் போய் விதையைக் கொளுத்திக் காட்டும்போது, தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அங்கேயும் அப்பாவுக்கு நோட்டீஸ் வாசித்துக் காட்ட ஒருத்தி இருப்பாள்.

இப்படிக்கு,
உங்கள் மாமா மகள்,
வே. யுவராணி