விழுந்தவன் முகத்தில்

சொகோட்டோ,
4 அக்டோபர் 1987

என் வீட்டுக்காரருக்கு,

சலாம். நானும் பிள்ளைகளும் நலம். கதூனாவிலிருந்து வந்த லாரி டிரைவர், "டாக்டர் ரெண்டு படி ஏறினாலே மூச்சு வாங்குறாரு" என்று சொல்லிச் சிரிக்கிறான். பகலெல்லாம் ஆபரேஷன், ராத்திரி சுட்ட இறைச்சி. உடம்பு என்னத்துக்கு ஆகும்? ஊரார் வயிற்றைத் தைப்பவர் தன் வயிற்றையும் கொஞ்சம் பார்க்க வேண்டாமா? வேலை முடிந்ததும் தினமும் நடங்கள். எனக்காக.

உங்கள்
பலராபா


கதூனா,
30 அக்டோபர்

கண்ணே பலராபா,

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் கசாப்புக்காரர்கள் சாயங்காலம் தம்பே பழகுகிறார்கள், ஒரு கையில் கயிறு சுற்றிக் குத்தும் நம்மூர்ச் சண்டைதான். நானும் சேர்ந்துவிட்டேன். அறுவடை முடிந்து உன் அண்ணன் கம்போவும் தன் ஆட்களோடு தம்பே ஆட இங்கே வந்திருக்கிறான். என் வலது கையில் கயிறு சுற்றிவிட்டது அவன்தான். "மச்சான், இந்தத் தொப்பையில குத்தினா என் கைதான் வலிக்கும்" என்றான்.

நேற்று ஒருவனைத் தாடையில் குத்தினேன். ரத்தத்தோடு பல்லும் மண்ணில் விழுந்தது. சொல்ல வெட்கம்தான், ஆனால் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. இப்போது நன்றாகத் தூங்குகிறேன். பேன்ட் இடுப்பில் நிற்பதில்லை.

அன்புடன்
தனிமு


சொகோட்டோ,
11 நவம்பர்

என் வீட்டுக்காரருக்கு,

நடக்கச் சொன்னேன், அடிக்கச் சொன்னேனா? நான் கசாப்புக்காரர் மகள். என் அப்பாவின் தாடை கோணியது எப்படி என்று எனக்குத் தெரியும். ஆபரேஷன் அறையில் நர்ஸை அறைந்தீர்களாமே? டிரைவர் சொன்னபோது நான் நம்பவில்லை என்றேன். நம்பினேன். உடம்பு இளைத்தது போதும், விட்டுவிடுங்கள்.

பயத்துடன்
பலராபா


கதூனா,
2 டிசம்பர்

பலராபா,

பதறாதே. கம்போவுக்கு இடது கண்ணில் அடி. அன்று காலையிலிருந்து ஆபரேஷன். ஒரு சின்னப் பெண் மேஜையிலேயே போய்விட்டாள். அவள் அப்பா என் சட்டையைப் பிடித்துக் கத்தினான். அந்தக் கோபத்தோடு நேரே மைதானத்துக்குப் போனேன். எதிரே நின்றது கம்போ. விளையாட்டில் இதெல்லாம் நடப்பதுதான். நானே தையல் போட்டேன். கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. அவனை ஊருக்கு அனுப்பிவிட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை நானும் வருகிறேன்.

தனிமு


சொகோட்டோ,
8 டிசம்பர்

தனிமு,

கல்யாணமான நாளிலிருந்து உங்கள் பெயரை நான் வாயால் சொன்னதில்லை, எழுதியதுமில்லை. இன்று எழுதிவிட்டேன்.

அண்ணன் வந்து சேர்ந்தான். "நான்தான் கால் தடுக்கி விழுந்தேன், மச்சான் மேல தப்பில்ல" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்கிறான். கூட வந்தவர்கள் என்னிடம் உள்ளதைச் சொல்லிவிட்டார்கள். அவன் முழங்கால் மண்ணில் பட்டுவிட்டது. அதோடு ஆட்டம் முடிந்தது. நடுவர் உங்கள் கையைப் பிடித்திருக்கிறார். அவரை உதறிவிட்டு, மண்டியிட்டிருந்தவன் முகத்தில் திரும்பத் திரும்பக் குத்தினீர்கள். எங்கள் வீட்டில் எத்தனையோ பேர் தம்பே ஆடினார்கள். விழுந்தவனை எவனும் தொட்டதில்லை.

அந்தப் பெண்ணுக்காக அழுதிருக்கலாம். எனக்கு எழுதியிருக்கலாம்.

நேற்று அண்ணன் கடைக்குப் போய் மாட்டுத் தொடையை வெட்டினான். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடவில்லை. கத்தி தள்ளி விழுந்து கட்டைவிரல் பிளந்துவிட்டது. துணியெல்லாம் ரத்தம். அப்படியே சிரிக்கிறான், "வெள்ளிக்கிழமை மச்சான் வந்து தச்சுவிடுவாரு" என்று.

வராதீர்கள். வந்தால் அவன் கதவைத் திறந்துவிடுவான்.

பலராபா