கவ்ஹருக்குத் தினம் ஒரு கிண்ணம்

என்னங்க,
சந்தைக்குப் போகிறேன். சூப் அடுப்பில், ரொட்டி துணிக்குள். நீலக் கிண்ணத்தில் இருக்கும் புலாவ் பக்கத்து வீட்டுக் கவ்ஹருக்கு. ஆறுவதற்குள் கொடுத்துவிடுங்கள், சிரித்த முகத்தோடு.

கல்யாண வீட்டில் அத்தனை பெண்கள் நடுவில் உங்களைப் பற்றி என்ன சொன்னாள்? "பாவம் இல்ஹோம், சயோரா ஆக்குற புலாவை எப்படித்தான் முழுங்குறாரோ!" மறுநாளிலிருந்து அதே புலாவ் தினமும் அவள் வீட்டுக்குப் போகிறது. வந்த கிண்ணத்தைக் காலியாகத் திருப்பினால் தெருவே காறித் துப்பும் என்று அவளுக்கும் தெரியும். முதலில் பாதாம் நிரப்பி அனுப்பினாள், பிறகு உலர்திராட்சை. நேற்று வெறும் வெங்காயம்!

"போதும்க்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், விட்டுடுங்க" என்று வாசலில் நின்று கெஞ்சினாள்.

"அட போம்மா, கொடுத்துக் கொடுத்துக் கை பழகிப்போச்சு" என்றேன். என்ன ஒரு சுகம்!

வெளியே போனால் சாவியைப் ஆப்ரிகாட் மரத்துக் கிளையில் மாட்டுங்கள்.
சயோரா

பி.கு.: அன்றைக்கு அவள் சொன்னதைக் கேட்டு கல்யாண வீட்டு வாசலில் நின்ற நீங்களும் சிரித்தீர்கள். என் காதில் விழுந்தது. உங்கள் பூட்ஸைப் பளபளவென்று துடைத்து வைத்திருக்கிறேன். கோட்டுக்குப் பொத்தானும் தைத்தாயிற்று. கவ்ஹருக்குப் போல இனி உங்களுக்கும் தினமும்; இன்றுதான் முதல் நாள்.