எழுபத்தாறு வராத கார்ட்டூன்

ஆகஸ்ட் 14, இரவு.

வெள்ளிமலைப் பள்ளியில் சத்துணவு சமைக்கும் பொன்னி சொன்னதை என் கட்டுரையிலிருந்து நீக்கிவிட்டார்கள். பத்திரிகையின் உதவி ஆசிரியரே போனில் உறுதி செய்தார். சிறுவயதில் டிவியில் பார்த்த சுதந்திர தினக் கார்ட்டூனை நினைத்து உருகி, அதைப் பற்றி என்னிடம் ஒரு முழுப் பக்கம் கேட்டவர் அவர்தான்.

அதே கார்ட்டூனை இன்று அந்தப் பள்ளியில் போட்டார்கள். நாற்பத்தேழில் எல்லாருக்கும் விடுதலை என்று அதில் ஒரு கிளி பாடியதும் பொன்னி கரண்டியோடு உள்ளே வந்துவிட்டார்.

"எழுபத்தாறு வரிக்கும் எங்கப்பா மலைய ஆண்ட ஜாகீர்தார் காட்ல கூலியில்லாம ஏர் ஓட்டிக்கினு இருந்தாரு. அந்த வருசந்தான் ஜாகீரு ஒழிஞ்சி மல கவுருமெண்டு கைக்கு வந்திச்சி. அவுரு இன்னா வேற நாடா? எம் பேரு போட்டே எழுதுங்க சார்."

உதவி ஆசிரியரிடம் இதைச் சொன்னேன். "ஜனங்க ஜாலியா பழச நெனைக்கிற பக்கம் சார். ஜாகீரு கீகீருன்னு மூட கெடுக்காதீங்க" என்றார்.

குழந்தைப் பருவத்தில் விழுங்கிய பொய்க்கு நரைத்த பிறகும் நாக்கைச் சப்புக்கொட்டுகிறார்கள். அருவருப்பாக இருக்கிறது.

அந்தப் பத்தி இல்லையென்றால் என் பெயரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். செய்தி ஆசிரியரைக் கேட்டுச் சொல்கிறாராம். பதினொரு மணிக்குப் பக்கம் அச்சுக்குப் போகும். அதற்குள் பதில் வர வேண்டும். காலையில் பேப்பர் கட்டு மலை ஏறும் முதல் பஸ்ஸுக்குப் பொன்னி காத்திருப்பார்.