பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து

பிளேஸ்டோ, லண்டன்.

அன்பும் மரியாதையும் நிறைந்த தர்மலிங்கம் அண்ணனுக்கு, தங்கை மங்கலம் வணங்கி எழுதுவது. கிள்ளானில் பேத்தி சுப்ரியாவின் கல்யாண வேலையில் நீங்களும் அண்ணியும் ஓய்வில்லாமல் இருப்பீர்கள். எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறையில்லை. மகள் துளசி நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள், திட்டவும் செய்கிறாள்.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் அப்பா என்ற பேச்சை எடுத்தால் உடனே வைத்துவிடுவீர்கள். இதைக் கிழித்தால், இன்னொரு பிரதி உங்கள் மகன் விஜயனுக்கு வரும், சொல்லிவிட்டேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள்.

விஜயன் அழைப்பிதழ் மாதிரியை அனுப்பியிருந்தான். அழகாக இருக்கிறது. ஆனால் அதிலும் நீங்கள் "இரா. தர்மலிங்கம்". நம்மை வளர்த்த இராமையா மாமாவின் எழுத்து. மாமா தெய்வம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் பெற்றவர் ஜப்பான்காரன் காலத்தில் எவளோ ஒருத்தியோடு நாகப்பட்டினத்துக்குக் கப்பலேறிவிட்டார் என்று துறைமுகக் கூலிகள் குடியிருந்த நம் லயத்தில் எவனோ சொன்னதை நம்பி, பள்ளிக்கூடத்திலேயே அப்பாவின் எழுத்தை அடித்துவிட்டு வந்தீர்களே! அன்று அம்மா சாப்பிடவில்லை. கடைசிவரை பொட்டை அழிக்கவும் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் கண் ஆஸ்பத்திரியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் பெண் "வேலாயுதம், வேலாயுதம்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். யாரோ ஆண்பிள்ளை போலிருக்கிறது, காது கேட்கவில்லை, பாவம் என்று நான் பரிதாபப்பட்டேன். துளசிதான் இடித்து, "அம்மா, உங்களைத்தான்!" என்றாள். முப்பத்தெட்டு வருடம் இந்த ஊரில் சிஸ்டர் வேலாயுதம் என்று வேலை பார்த்தவள், ஓய்வு பெற்றதும் மறந்துவிட்டேன்.

எழுந்து நடக்கும்போதே தலையில் தட்டினாற்போல் இருந்தது. இவர்கள் என்னை என் அப்பா பெயரால் கூப்பிடுகிறார்கள். அப்படியானால் அப்பாவை எந்தப் பெயரால் எழுதியிருப்பார்கள்? தாத்தா பெயரால்! லண்டனின் மறுகோடியில் கியூ என்ற இடத்தில் இருக்கும் அரசு ஆவணக் காப்பகத்தில் ஆறு வருடமாக வேலாயுதத்தைத் தேடினேனே, மடச்சி! தேட வேண்டியது முத்துக்கருப்பனை அல்லவா!

மறுநாளே ரயிலேறினேன். பிளேஸ்டோவில் ஏறினால் கியூவில் இறங்கலாம், வண்டி மாற வேண்டாம். அங்கே பேனா கூடாது, பென்சில்தான். ஒரு தடித்த கோப்பு கொடுத்தார்கள். 1945ஆம் வருடம் திருகோணமலைத் துறைமுகத்தில் இருந்த பிரிட்டிஷ் கடற்படையின் காகிதங்கள். எந்தக் கப்பல் எங்கே மூழ்கியது, பர்மாவில் படை எந்த ஆற்றைத் தாண்டியது, ரங்கூன் எப்போது விழுந்தது என்று பக்கம் பக்கமாக. செத்தவர்கள் எல்லாம் வெறும் எண்ணிக்கை. நடுவில் ஒரு தாளில் முத்துக்கருப்பன், வேலாயுதம்.

அண்ணே, அப்பா ஓடிப்போகவில்லை. அந்த வருடம் மார்ச்சில் ஜப்பான்காரன் அவரைத் துறைமுகத்திலிருந்து பிடித்துப்போய், பினாங்கிலிருந்து அந்தமானுக்கு அரிசி கொண்டுபோகும் கப்பலில் கரி அள்ளிப்போட விட்டிருக்கிறான். நடுக்கடலில் பிரிட்டிஷ் போர்க்கப்பல் சுட்டு அது மூழ்கியது. பலகையைப் பிடித்து மிதந்த ஐந்து பேரைத் தூக்கித் திருகோணமலைக்குக் கொண்டுபோனார்கள். அதில் ஒருவர் அப்பா.

ரங்கூன் விழுந்த பிறகு நம் மலாயாக் கரையில் படையை இறக்கத் திட்டமிட்டார்கள். கரையை அறிந்த ஆள் வேண்டியிருந்தது. எங்கே சேறு, எங்கே மணல், எந்த ஓடையில் எந்த நேரம் தண்ணீர் ஏறும் என்று அப்பா இரண்டு மாதம் உட்கார்ந்து சொல்லியிருக்கிறார். கூலி என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, முதல் படகில் என்னை ஏற்றுங்கள், வீட்டுக்குப் போக வேண்டும் என்றாராம். ஏற்றுகிறோம் என்று ஒரு அதிகாரி கையெழுத்தே போட்டிருக்கிறார்.

இது வேறு யாராவது முத்துக்கருப்பன் மகனாக இருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? உங்களை எனக்குத் தெரியாதா! கரை இறங்கியதும் குடும்பத்தைத் தேடுவதற்கு அடையாளம் கேட்டிருக்கிறார்கள். அவர் சொன்னது இது: மனைவி பாக்கியம், பிள்ளை உண்டாகியிருக்கிறாள். மகன் தர்மலிங்கம், வயது நான்கு, இடது காலில் ஆறு விரல்.

குனிந்து காலைப் பாருங்கள், அண்ணே. ஊரே கேலி செய்த அந்த விரல் வெள்ளைக்காரன் கோப்பில் எண்பது வருடமாகப் பத்திரமாக இருக்கிறது. நான் அங்கேயே சிரித்தேன், பிறகு வாய்விட்டு அழுதேன். பக்கத்து மேசைக்காரர் எழுந்து எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்.

படகு கிளம்புவதற்கு முன் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. யுத்தம் முடிந்த செய்தியை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கேட்டு, படகு எப்போது என்று விசாரித்திருக்கிறார். நான்காம் நாள், ஆகஸ்ட் பத்தொன்பதில் போய்விட்டார். அம்மாவுக்குக் கடிதமும் போட்டிருக்கிறார்கள், திருமதி முத்துக்கருப்பன் என்று. லயத்தில் அம்மாவை வேலாயுதம் பெண்சாதி என்றால்தானே தெரியும்? அப்படி யாரும் இல்லை என்று திரும்பிவிட்டது. அந்த உறை கோப்பிலேயே இருக்கிறது. தொட்டுப் பார்த்தேன்.

துளசி பழைய பஞ்சாங்கம் பார்த்துவிட்டாள். ஆவணி வளர்பிறை ஏகாதசி. இந்த வருடம் அப்பாவுக்கு முதல் திதி கொடுங்கள். திருகோணமலையில் அடக்கம் செய்த இடத்தின் எண்ணும் என்னிடம் இருக்கிறது. கல்யாணம் முடிந்ததும் நாம் இரண்டு பேரும் போவோம். எண்பத்தைந்தில் என்ன பயணம் என்று சொல்லாதீர்கள். சக்கர நாற்காலி தள்ள விஜயன் இருக்கிறான், வழியெல்லாம் சண்டை போட நான் இருக்கிறேன்.

அழைப்பிதழ் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது என்றான் விஜயன். அதற்குள் இது வந்துசேர வேண்டுமென்று கூரியரில் அனுப்புகிறேன். மாமாவுக்கு மேலே தனியாக ஒரு வரி போடுங்கள், அவர் சந்தோஷப்படுவார். சுப்ரியா பல்லாண்டு நன்றாக வாழட்டும். உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான், அண்ணே. அந்த மனிதர் முதல் படகில் இடம் கேட்டு வர முடியாமல் போனவர். உங்கள் பெயருக்கு முன்னால் அவருக்கு இடம் கொடுங்கள்.

உங்கள் பாதம் பணியும் தங்கை,
வே. மங்கலம்